தீவுகளில் கழிப்பறை: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது

கேள்வி இதுதான்: வயதான அம்மாவையும் சின்னக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு முதல் தடவையாக வெப்பமண்டலத் தீவுகளுக்குப் போகிறோம். அங்கே பொதுக் கழிப்பறைகள் எப்படி இருக்கும்? பேப்பரை உள்ளே போடாதீர்கள் என்று ஏன் எழுதி வைக்கிறார்கள்? எந்த ஊரில் என்ன வழக்கம், கையில் என்ன கொண்டுபோக வேண்டும்?

பலரும் கேட்கக் கூச்சப்படும் கேள்வி. ஆனால் பயணத்தில் தினமும் நாலைந்து தடவை எதிர்ப்படும் விஷயம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தீவுக் கழிப்பறை ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருப்பதைப் பார்த்தால் ஆளாளுக்கு ஒரு வழக்கம் என்று தோன்றும். உண்மையில் பெரும்பாலானவற்றை இரண்டு விஷயங்கள்தான் தீர்மானிக்கின்றன: அந்தத் தீவுக்கு நல்ல தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது. இந்த இரண்டும் தெரிந்துவிட்டால், அங்கே கிடக்கும் வாளி, கூடை, சுவரில் ஒட்டிய அறிவிப்பு எல்லாவற்றுக்கும் காரணம் புரிந்துவிடும்.

தண்ணீரிலிருந்து ஆரம்பிப்போம். மாலத்தீவு, கிரிபாட்டி, துவாலு போன்றவை பவளத் தீவுகள். கடல்மட்டத்திலிருந்து ஆள் உயரமோ இரண்டாள் உயரமோதான் மேலே இருக்கும். ஆறு கிடையாது, ஏரியும் அரிது. பெய்கிற மழை மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின்மேல் எண்ணெய் மாதிரி மிதந்து நிற்கும். நன்னீர் எடை குறைவு, கடல்நீர் எடை அதிகம் என்பதால் இப்படி. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. சின்னப் பவளத் தீவுகளில் அலை ஏற்ற இறக்கத்தில் உப்பு கலந்துகொண்டே இருப்பதால் அந்த அளவுக்கு வராது. மொத்தத் தீவும் நம்பியிருக்கும் கிணற்று நீர் இந்த மெல்லிய படலம்தான். இதே மணலில்தான் கழிப்பறைக் குழியையும் தோண்ட வேண்டும்.

கழிப்பறைக் குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 30 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், குழியின் அடிப்பாகம் நிலத்தடி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டராவது மேலே இருக்க வேண்டும் என்பது பேரிடர் முகாம்களில்கூடப் பின்பற்றப்படும் பொதுவான அளவு. சில நூறு அடி அகலமே உள்ள தீவில், தோண்டினால் ஆள் ஆழத்துக்குள் தண்ணீர் வந்துவிடும் இடத்தில், இந்த அளவை எப்படிக் கடைப்பிடிக்க முடியும்? கிரிபாட்டியின் தெற்குத் தாரவாவில் 1977-ல் காலரா பரவியது. அதற்குப் பிறகுதான் அங்கே நெருக்கமான பகுதிகளில் கடல்நீரையே இறைத்து ஃப்ளஷ் செய்யும் கழிவுநீர்க் குழாய் அமைப்பு வந்தது. மார்ஷல் தீவுகளின் மஜூரோவிலும் ஃப்ளஷ் தண்ணீர் கடல்நீர்தான். குடிக்கவே தண்ணீர் பற்றாத இடத்தில் கழுவிவிட நன்னீரைச் செலவழிப்பானேன் என்பதுதான் காரணம். துவாலுவில் 2011-ல் மழை பொய்த்து, தண்ணீருக்காக நாடு முழுக்க அவசரநிலையே அறிவித்தார்கள்.

ஆலை வைத்துக் கடல்நீரை நன்னீராக்கும் தீவுகளில் நிலைமை மேல் என்றாலும் அதற்கும் ஒரு எல்லை உண்டு. 2014 டிசம்பரில் மாலத்தீவின் தலைநகர் மாலேயில் அப்படி ஒரு ஆலையில் தீப்பிடித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் குழாய்த் தண்ணீர் நின்றுபோய், விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் வந்து இறங்கியது. விடுதியில் ஃப்ளஷ் பொத்தானை அழுத்தும்போது இறங்குவது மின்சாரம் செலவழித்து உப்பு நீக்கிய தண்ணீர். எரிபொருளும் கப்பலில் வந்ததாகத்தான் இருக்கும்.

கரீபியனில் வேறு மாதிரி. அமெரிக்க விர்ஜின் தீவுகளில் வீட்டுக் கூரையில் விழும் மழையைப் பிடித்து, வீட்டுக்கு அடியிலேயே தொட்டி கட்டிச் சேமிக்கிறார்கள். புது வீடு கட்ட அது சட்டப்படியே தேவை. கோடையில் தொட்டி வற்றினால் லாரித் தண்ணீர்தான். அதனால் தங்கும் இடங்களில் ‘சிறுநீருக்கு ஒவ்வொரு தடவையும் ஃப்ளஷ் செய்ய வேண்டாம்’ என்ற பொருளில் பலகை இருக்கும். முன்னால் போனவர் ஃப்ளஷ் செய்யாமல் விட்டிருந்தால் அவரைத் திட்டாதீர்கள், வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டதைத்தான் செய்திருக்கிறார். மூடியை மட்டும் சாத்திவிட்டு வாருங்கள்.

இப்போது பேப்பர் விஷயத்துக்கு வருகிறேன். ‘டாய்லெட் பேப்பரைக் கமோடில் போடாதீர்கள், கூடையில் போடுங்கள்’ என்ற அறிவிப்பைத் தாய்லாந்தின் தீவுகள், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, கியூபா, கலாபகோஸ் எனப் பூமியின் இரு பக்கமும் பார்க்கலாம். பேப்பர் தண்ணீரில் கரையுமே என்று கேட்பார்கள். கரையும், ஆனால் அதற்கு நல்ல ஓட்டமும் நேரமும் வேண்டும். இந்தத் தீவுகளில் பல இடங்களில் குழாய் ஒடுக்கம். நிலம் தட்டை என்பதால் சரிவும் குறைவு. தண்ணீரோ ஒரு குவளை இரண்டு குவளைதான். பேப்பர் பாதி வழியில் நின்றுகொள்ளும், பின்னால் வருவது அதில் சிக்கிக்கொள்ளும். செப்டிக் டேங்கை எட்டினாலும் அது வண்டலாகச் சேர்ந்து, தொட்டி சீக்கிரம் நிரம்பும். நிரம்பினால் உறிஞ்ச லாரி வர வேண்டும். அந்த லாரியே இல்லாத தீவுகள் எத்தனையோ இருக்கின்றன. தொட்டி வழிந்தால், வழிவது நீங்கள் குளிக்கும் கடலுக்குத்தான்.

கூடையில் போடுவது அருவருப்பாகத் தோன்றலாம். அழுக்குப் பக்கம் உள்ளே போகும்படி இரண்டு மடிப்பு மடித்துப் போட்டு, மூடி இருந்தால் மூடிவிடுங்கள். அதைக் கையால் எடுத்து அப்புறப்படுத்துபவர் ஒருவர் இருக்கிறார். தண்ணீரால் கழுவிவிட்டு ஈரம் ஒற்ற மட்டும் பேப்பர் எடுத்தால் கூடையில் விழுவது வெறும் ஈரக் காகிதம்தான். அவருக்கும் நல்லது, அடுத்து வருகிறவருக்கும் நல்லது. வெட் வைப்ஸ், நாப்கின், டயப்பர் இவற்றை எந்த ஊரிலும் உள்ளே போடக்கூடாது. உறையில் ‘ஃப்ளஷ் செய்யலாம்’ என்று அச்சடித்திருந்தாலும் போடக்கூடாது. பெரும்பாலான வைப்ஸ் பேப்பர் மாதிரி பிரிவதில்லை. தொட்டியில் அப்படியே கிடக்கும்.

இதற்கு நேர்மாறான இடங்களும் உண்டு. சிங்கப்பூரிலும் ஹவாயிலும் பேப்பரை உள்ளேயே போட்டு ஃப்ளஷ் செய்ய வேண்டும், அங்கே கூடையில் போட்டால்தான் முகம் சுளிப்பார்கள். எப்படித் தெரிந்துகொள்வது? கமோடுக்குப் பக்கத்தில் திறந்த கூடையும் அதில் பேப்பரும் இருந்தால் கூடைதான். பெண்கள் கழிப்பறையில் மூடிபோட்ட சின்னப் பெட்டி மட்டும் இருந்தால் அது நாப்கினுக்கு மட்டும். ஒன்றுமே புரியவில்லையென்றால் கூடையில் போடுவதுதான் பாதுகாப்பு.

சிங்கப்பூரைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று: அதுவும் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தீவுதான். பொதுக் கழிப்பறையில் ஃப்ளஷ் செய்யாமல் வந்தால் அபராதம் என்ற விதி 1989-லேயே அங்கே வந்துவிட்டது. உலகக் கழிப்பறை அமைப்பு 2001 நவம்பர் 19-ல் தொடங்கப்பட்டதும் அங்கேதான். அந்தத் தேதியைத்தான் ஐ.நா. 2013-ல் உலகக் கழிப்பறை நாளாக ஏற்றது. தண்ணீரும் பணமும் நிர்வாகமும் சேர்ந்தால் தீவிலும் எப்படிச் செய்யலாம் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

சேராத இடத்தில் என்ன ஆகும் என்பதற்குப் பிலிப்பைன்ஸின் போராகாய். சுமார் பத்து சதுர கிலோமீட்டரே உள்ள குட்டித் தீவு, வெள்ளை மணலுக்குப் பேர்போனது. விடுதிகள் பெருகப் பெருக, பல கட்டடங்களின் கழிவுநீர் மழைநீர் வடிகால் வழியாக நேரே கடலுக்குப் போனது. கரையோரம் பச்சைப் பாசி படர்ந்தது. கடைசியில் 2018 ஏப்ரல் 26 முதல் ஆறு மாதத்துக்குச் சுற்றுலாப் பயணிகளுக்குத் தீவையே மூடிவிட்டார்கள். வளமான நாட்டிலும் இதே பிரச்சினை உண்டு. ஹவாயில் சுத்திகரிப்பே இல்லாமல் மண்ணில் கழிவை இறக்கும் குழிகள் எண்பதாயிரத்துக்கும் மேல். 2050-க்குள் அத்தனையையும் மாற்ற வேண்டும் என்று 2017-ல் சட்டம் போட்டிருக்கிறார்கள். கழிவில் இருக்கும் நைட்ரஜன் பவளப் பாறைக்குப் போனால் அங்கே பாசி செழித்துப் பவளத்தை மூடிவிடும். முகமூடி மாட்டிக்கொண்டு மீன் பார்க்கப் போகிறீர்களே, அந்தப் பாறையைத்தான் சொல்கிறேன்.

சரி, உள்ளே போனால் என்ன இருக்கும்? விமான நிலையம், பெரிய விடுதி, வணிக வளாகம் இங்கெல்லாம் எங்கும் ஒரே மாதிரிதான், கவலை வேண்டாம். கடற்கரைக் கழிப்பறை, படகுத்துறை, கோயில் வாசல், சாலையோரக் கடை இவற்றில்தான் வித்தியாசம்.

இந்தோனேசியாவில் பழைய பாணிக் கழிப்பறையில் ஒரு மூலையில் ஓடு பதித்த சதுரத் தொட்டி, நிறையத் தண்ணீர், அதில் மிதக்கும் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் குவளை. தொட்டியை அங்கே பாக் மண்டி என்பார்கள், குவளை காயுங். பிலிப்பைன்ஸில் வாளியும் தாபோ என்ற குவளையும். குளிக்க, கழுவ, ஊற்றிவிட எல்லாவற்றுக்கும் அந்த ஒரே தண்ணீர். அதனால் தொட்டிக்குள் கையை விடக்கூடாது, சோப்பு நுரை விழக்கூடாது, குழந்தையைத் தொட்டிக்குள் இறக்கிக் குளிப்பாட்டவே கூடாது. குளிக்கும் தொட்டி என்று நினைத்து உள்ளே இறங்கும் பயணிகள் உண்டு. அன்றைக்கு அந்த வீட்டுத் தண்ணீர் அத்தனையும் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டியதாகிவிடும். குவளையைக் கழிப்பறைத் தரையில் வைக்காமல் விளிம்பில் வையுங்கள்.

ஃப்ளஷ் இல்லாத இடத்தில் ஊற்றிவிடுவதற்கும் ஒரு கைப்பழக்கம் இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் வாளி முழுக்கக் காலியானாலும் போகாது. இரண்டு மூன்று லிட்டரைச் சின்ன வாளியில் எடுத்து, முழங்கால் உயரத்திலிருந்து, பீங்கானின் சரிவில் ஒரே வீச்சில் விட வேண்டும். அந்த வேகம்தான் வளைகுழாயில் நிற்கும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு கழிவை இழுத்துப் போகும். கடைசியில் அரைக் குவளை மெதுவாக ஊற்றினால் வளைவில் மறுபடி தண்ணீர் நிற்கும், நாற்றம் மேலே வராது. ஃப்ளஷ் தொட்டி இருந்தும் தண்ணீர் வரவில்லை, பக்கத்தில் வாளி இருக்கிறது என்றால் அதிலும் இப்படியே செய்யலாம். மின்சாரம் போனால் பம்பு நிற்கும், பம்பு நின்றால் குழாய் நிற்கும் என்பதால் வெளிப் பார்வைக்கு நவீனமாக இருக்கும் இடத்திலும் மூலையில் ஒரு வாளி நிறைத்து வைத்திருப்பார்கள். அந்த வாளியை நீங்கள் காலி செய்தால், குழாய் வரும்போது நிரப்பிவிட்டு வாருங்கள்.

திறந்த தொட்டியில் இன்னொரு ஆபத்து உண்டு. டெங்குவைப் பரப்பும் கொசு தேங்கிய சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும். இந்தத் தொட்டிகள் அதற்கு மிகவும் தோதானவை. பகலில்தான் கடிக்கும், அதுவும் கணுக்காலைத் தேடிக் கடிக்கும். குழந்தையைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போகும்முன் காலில் கொசு விரட்டி தடவிவிடுங்கள்.

தாய்லாந்து, மலேசியா, இலங்கை, மாலத்தீவு எல்லா இடத்திலும் ஹெல்த் ஃபாசெட் என்கிற கைப்பீச்சுக் குழாய் கிட்டத்தட்ட கட்டாயம். தண்ணீர் பழகியவர்களுக்கு நிம்மதி. பேப்பர் மட்டும் பழகியவர்கள்தான் ஊருக்குத் திரும்பும்முன் இதற்கு மாறிவிடுவார்கள். ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும்: சில இடங்களில் அழுத்தம் பயங்கரமாக இருக்கும். முதலில் கமோடுக்குள் காட்டி ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள். முடித்ததும் சுவரில் இருக்கும் வால்வையும் மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் இரவு முழுக்கச் சொட்டும். தரை ஈரமாகத்தான் இருக்கும். அதை அசுத்தம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், கழுவிவிட்ட தண்ணீர் அது. ஆனால் பீங்கான் ஓடு ஈரத்தில் வழுக்கும். அம்மாவுக்கு அடியில் பிடிப்பு உள்ள செருப்பு வாங்கிக் கொடுத்துவிடுங்கள். இந்தப் பயணத்துக்கு எல்லாவற்றையும்விட அதுதான் முக்கியம் என்று சொல்வேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் குந்தி உட்காரும் கழிப்பறை கஷ்டம்தான். படகுத்துறைகளில், பழைய கோயில்களில், கிராமங்களில் அது மட்டுமே இருக்கலாம். பல இடங்களில் உட்காரும் வகை ஒன்றாவது வைத்திருப்பார்கள், பெரும்பாலும் வரிசையின் கடைசிக் கதவு. சக்கர நாற்காலிப் படம் போட்டிருக்கும். கேட்டால் திறந்து தருவார்கள். கியூபா, பிலிப்பைன்ஸ் பக்கம் கமோடு இருக்கும், மேலே உட்காரும் பலகை இருக்காது. உடைந்ததை மாற்றியிருக்க மாட்டார்கள். அதன்மேல் ஏறிக் குந்தாதீர்கள், பீங்கான் உடைந்தால் வெட்டுக்காயம் மோசமாக இருக்கும். விளிம்பை இரண்டு தாள் வைத்துத் துடைத்துவிட்டு உட்காருவதில் தவறில்லை. கழிப்பறை இருக்கையால் நோய் தொற்றுவது மிக அரிது, கழுவாத கையால் தொற்றுவதுதான் அதிகம்.

கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொதுக் கழிப்பறைகளில் சோப்பு இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சானிடைசர் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். வாந்தி பேதியைக் கொண்டுவரும் நோரோவைரஸ் ஆல்கஹாலுக்கு அவ்வளவாக அடங்காது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும். சின்ன டப்பாவில் சோப்புத் துண்டு கொண்டுபோங்கள்.

சில தீவுகளில், முக்கியமாகத் தண்ணீரே இல்லாத இடங்களிலும் காட்டுப் பாதைகளிலும், உரமாக்கும் கழிப்பறை இருக்கும். ஹவாயின் கலலாவ் நடைபாதையில் இந்த வகைதான். தண்ணீர் ஊற்றக்கூடாது. முடித்ததும் பக்கத்தில் இருக்கும் மரத்தூளையோ தேங்காய் நாரையோ ஒரு கை அள்ளிப் போட்டு மூடியை இறுக்கி மூட வேண்டும். ஈரம் கூடினால் மக்குவதற்குப் பதில் அழுகும், நாற்றமும் ஈயும் அதனால்தான். சிலவற்றில் முன்னால் சிறுநீருக்குத் தனித் துளை இருக்கும், ஆண்களும் உட்கார்ந்துதான் போக வேண்டும். தண்ணீரால் கழுவாமல் முடியாது என்பவர்கள் என்ன செய்வது? முதலில் பேப்பரால் துடைத்துவிட்டு, சின்னக் குப்பித் தண்ணீரால் வெளியே கழுவும் இடத்தில் சுத்தம் செய்துகொள்ளலாம். நன்றாகப் பராமரிக்கும் இடத்தில் இந்த வகைக் கழிப்பறையில் கொஞ்சமும் நாற்றம் வராது. தீவுகளுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

படகுப் பயணம் கட்டாயம் இருக்கும் என்பதால் அதையும் சொல்கிறேன். படகுக் கழிப்பறையின் குழாய் இரண்டு விரல் தடிமன்தான். நீங்கள் சாப்பிட்டு வெளியேறியதைத் தவிர வேறு எதையும் போடாதீர்கள் என்பதுதான் படகுக்காரர்கள் எல்லோரும் சொல்லும் விதி. பல படகுகளில் பேப்பருக்கும் அனுமதி இல்லை. பக்கவாட்டில் கைப்பிடி போட்ட பம்பு இருந்தால், ஒரு பக்கம் திருப்பினால் கடல்நீர் வரும், மறுபக்கம் திருப்பினால் வெளியே போகும். எத்தனை தடவை அடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதியில் நிறுத்தினால் கழிவு குழாயிலேயே நின்று அடைத்துக்கொள்ளும். படகு ஆடும்போது ஆண்களும் உட்கார்ந்து போவதுதான் மற்றவர்களுக்குச் செய்யும் மரியாதை. உள்ளே அழுகிய முட்டை வாடை வந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் கடல்நீர்தான். அதில் இருக்கும் சல்ஃபேட்டைப் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றிவிடும். இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பம்பை அடித்தால், சில கடல்களில் கமோடுக்குள் சுழலும் தண்ணீர் நீலப் பச்சையாக மின்னும். ஒளிரும் நுண்ணுயிர்கள் கடல்நீரோடு ஏறி வந்திருக்கும். குழந்தைக்குக் காட்டுங்கள், படகுக் கழிப்பறையைப் பற்றிய பயம் போய்விடும்.

பெரிய கப்பல்கள் சுத்திகரிக்காத கழிவைக் கரையிலிருந்து 12 கடல்மைலுக்கு அப்பால்தான் விடலாம் என்று சர்வதேச விதி இருக்கிறது. சின்னச் சுற்றுலாப் படகுகளுக்கு அந்த விதி பெரும்பாலும் பொருந்தாது. ஆகவே பவளப் பாறைக்கு மேல் படகு நிற்கும்போது போகாமல், கிளம்பும்முன் கரையிலேயே போய்விட்டு ஏறுவது நல்லது.

கதவில் எழுதியிருப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். இந்தோனேசியாவில் ‘பிரியா’ என்று எழுதியிருந்தால் அது ஆண்களுக்கு. தமிழ்ப் பெண்கள் பெயரைப் பார்த்து உள்ளே போய்விடக் கூடாது. பெண்களுக்கு ‘வனிதா’ என்றே இருக்கும். மலேசியாவில் கழிப்பறை ‘தண்டாஸ்’. பிலிப்பைன்ஸில் ‘சி.ஆர்.’ (கம்ஃபர்ட் ரூம்) எங்கே என்று கேட்டால்தான் சட்டென்று புரியும். ஹவாயில் ‘கானே’ ஆண், ‘வஹினே’ பெண். ஃபிஜியில் ‘துரங்கா’ ஆண், ‘மராமா’ பெண். தான்சானியாவின் சான்சிபாரில் ‘வனாவுமே’ ஆண், ‘வனாவகே’ பெண். ஸ்பானிஷ் பேசும் கியூபா, டொமினிக்கன் குடியரசுப் பக்கம் கதவில் ‘எம்’ என்ற எழுத்து மட்டும் இருந்தால் அது பெண்களுக்கு. இலங்கையில் பலகையில் தமிழே இருக்கும், ‘மலசலகூடம்’ என்று.

காசு. கடற்கரையிலும் கோயில் பக்கத்திலும் வாசலில் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார், அல்லது ஒரு டப்பா இருக்கும். பாலியில் சில ஆயிரம் ரூபியா, தாய்லாந்தில் சில பாட், கேட்கும்போது பெரிய தொகையாகத் தெரிந்தாலும் சொற்பம்தான். பெரிய நோட்டை நீட்டினால் அவரிடம் சில்லறை இருக்காது. கியூபாவில் தட்டில் காசு வைத்தால்தான் பேப்பர் கிழித்துத் தருவார். இதைப் பிடுங்கல் என்று நினைக்க வேண்டாம். பல இடங்களில் அவர்தான் தண்ணீர் சுமந்து வந்து ஊற்றிச் சுத்தம் செய்கிறவர், அவருக்கு வேறு சம்பளம் இல்லாமலும் இருக்கலாம். இந்தோனேசியா, மாலத்தீவு, சான்சிபார் இங்கெல்லாம் காசை வலது கையால் கொடுங்கள். இடது கையால் நீட்டுவது அவமரியாதை.

இந்த மூன்று இடங்களிலும் அவசரத்துக்குக் கை கொடுப்பது பள்ளிவாசல். பெரும்பாலும் தண்ணீரும் கழிப்பறையும் இருக்கும். கேட்டுவிட்டுப் போகலாம், பெண்களுக்குத் தனி வழி இருக்கிறதா என்று கேளுங்கள். தொழுகைக்குக் கை கால் கழுவும் குழாய் வேறு, கழிப்பறை வேறு. மணல் காலை அந்தக் குழாயில் கழுவக்கூடாது. வாசலில் கழிப்பறைக்கென்று தனிச் செருப்பு கிடந்தால் அதை மாட்டிக்கொண்டு போய், திரும்பும்போது அங்கேயே விட்டுவிடுங்கள். மாலத்தீவில் மக்கள் வாழும் தீவுகளில் நீச்சலுடையோடு கழிப்பறை தேடித் தெருவில் நடக்கக்கூடாது, மேலே ஒரு துணி போட்டுக்கொள்ள வேண்டும். அங்கே பழைய வீடுகளில் கிஃபிலி என்று ஒன்று உண்டு: சுற்றிலும் மதில், மேலே வானம், உள்ளேயே ஒரு கிணறு, கிணற்றில் மொள்ள நீண்ட கழியின் முனையில் கட்டிய குவளை. விடுதிகளில் திறந்தவெளிக் குளியலறை என்று காட்டுவது இந்த வடிவத்தைத்தான்.

கிராமத்தில் ஒரு வீட்டில் கேட்டுப் போகும் நிலை வந்தால் கூச்சப்படாதீர்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஆனால் அந்த வாளித் தண்ணீர் தூரத்துக் கிணற்றிலிருந்து அந்த வீட்டுப் பிள்ளை சுமந்து வந்ததாக இருக்கலாம். அளந்து ஊற்றுங்கள். பசிபிக்கில் மெலனீசியப் பக்கம், சாலமன் தீவுகள் போன்ற இடங்களில், ஆண்கள் போகும் இடமும் பெண்கள் போகும் இடமும் கண்டிப்பாகத் தனித்தனி. கழிப்பறைக்குப் போவதை எதிர்ப்பாலினத்தவர் பார்ப்பதே வெட்கம் என்று கருதும் சமூகங்கள் அவை. அங்கே ஆண்கள் பெண்களிடம் கழிப்பறை எங்கே என்று கேட்கக்கூடாது, ஆணிடம் கேட்க வேண்டும்; பெண்கள் பெண்ணிடம். அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போக மகன் நினைத்தால்கூட, அந்த ஊர்ப் பெண் ஒருவரிடம் ஒப்படைப்பதுதான் முறை.

ஆளில்லாத தீவில் இறக்கிவிடும் சுற்றுலா என்றால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், அங்கே கழிப்பறை உண்டா என்று. புதருக்குப் பின்னால் ஒதுங்குவது சின்ன விஷயமாகத் தெரியும். மலையேற்றத்தில் சொல்லும் ‘ஒரு சாண் குழி தோண்டு, தண்ணீரிலிருந்து 60 மீட்டர் தள்ளிப் போ’ என்ற விதி வளமான மண்ணுக்குத்தான். பவள மணலில் மக்கவைக்கும் உயிர்கள் குறைவு, தண்ணீரும் கைக்கெட்டும் ஆழத்தில். அடுத்த அலையோ அடுத்த மழையோ அதை வெளியே கொண்டுவந்துவிடும். வெதுவெதுப்பான ஈர மணலில் கொக்கிப்புழுவும் வளரும், வெறுங்காலில் நடப்பவரின் தோல் வழியாகவே உள்ளே போகும். உறைய வைக்கும் பொடி போட்ட கழிவுப் பைகள் முகாம் சாமான் கடைகளில் கிடைக்கின்றன. அப்படிப்பட்ட நாளுக்கு இரண்டு மூன்று வாங்கி வைத்து, திரும்பும்போது எடுத்து வந்துவிடுங்கள்.

இரவில் கழிப்பறைக்குப் போனால் டார்ச் அடித்து இருக்கைக்கு அடியில் ஒரு பார்வை பாருங்கள். பல்லி கட்டாயம் இருக்கும், மரத்தவளையும் இருக்கலாம். ஈரம் தேடி வந்தவை, ஒன்றும் செய்யாது. மாட்டியிருக்கும் பேப்பர் சுருளில் எறும்பு ஏறியிருக்கும், இரண்டு சுற்று கிழித்துப் போட்டுவிட்டுப் பிறகு எடுங்கள்.

பையில் வைக்க வேண்டியவை அதிகமில்லை. உள்ளே அட்டைக்குழாய் எடுத்துவிட்டுத் தட்டையாக்கிய அரைச் சுருள் பேப்பர் ஒரு பிளாஸ்டிக் உறையில், சோப்பு, சில்லறை, தலையில் மாட்டும் டார்ச் (ஒரு கை குவளைக்கு வேண்டும், இன்னொரு கை துணியைப் பிடிக்க வேண்டும்), அரை லிட்டர் குப்பி, நாப்கினையும் டயப்பரையும் சுற்றித் திரும்பக் கொண்டுவர உள்ளே தெரியாத பைகள், சில பொட்டலம் ஓ.ஆர்.எஸ். குழந்தைக்கு மாற்று உடை ஒன்று மேலாகவே இருக்கட்டும். தீவுக்குத் தீவு போகும் படகுகள் மணிக்கணக்கில் ஓடும், சின்ன வேகப்படகுகளில் கழிப்பறையே இருக்காது. டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் அம்மாவைத் தண்ணீர் குடிக்காமல் இருக்கச் சொல்லாதீர்கள். அந்த வெயிலில் மயக்கமும் சிறுநீர்த் தொற்றும் வந்துவிடும். காலையில் வழக்கம்போலக் குடிக்கச் சொல்லி, படகு கிளம்புவதற்கு அரைமணி நேரம் முன்பே துறைக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே கழிப்பறை வரிசையில் அவருக்கும் குழந்தைக்கும் முதலில் இடம் பிடித்துவிடுங்கள்.